ஒரு வயர்லெஸ் கார்டும் ஒரு வழியனுப்பு விழாவும்

கொச்சியின் மட்டாஞ்சேரி மக்கள் இணையத்தைக் கண்டு பயப்படக் கூடாது என்பதற்காகவே ஓர் அலுவலகம் நடக்கிறது. பெயர், கணினியறிவு இயக்க மண்டல அலுவலகம். ஜூ டவுனுக்குப் பின்னால், ஒரு காலத்தில் சுக்குக் கிடங்காக இருந்த கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. சுக்கு போய் வெகுநாளாகியும் வாசனை போகவில்லை. உள்ளே வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகு மனு கொடுப்பார்கள். சுவரில் ஆள் உயர எழுத்தில் ‘பயம் வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் பலருக்குப் பயம் ஆரம்பிக்கும்.

அந்த வாசகத்துக்கு நேர் கீழே இசக்கிமுத்துவின் நாற்காலி. வருகிற மனுக்களைக் கணினியில் ஏற்றுவது அவன் வேலை. அவனுடைய அப்பா இதே கிடங்கில் மூட்டை சுமந்தவர். அம்மா சரோஜம்மா கார்ப்பரேஷனில் கடைத்தெரு கூட்டியவர். அந்தக் குடும்பத்தில் இந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்த முதல் ஆள் இசக்கிமுத்து. அதனால் அவன் அந்த நாற்காலியில் எப்போதும் முன்பாதியில் மட்டும் உட்காருவான். பின்பாதி அரசாங்கத்துடையது என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்கள் நம்பிக்கைக்குரியவர்கள். ஆகவே அவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கும் சேர்த்தே போட்டுவைக்கலாம். இசக்கிமுத்து ஒப்பந்த ஊழியன். ஆகவே அவன் தன் மேசைக் கணினியில் விரலை வைத்து, கேமராவுக்கு முகத்தையும் காட்ட வேண்டும். அந்தக் கணினிக்குள் இருக்கும், வைஃபையைப் பிடிக்கிற வயர்லெஸ் கார்டு வழியாக வந்தால்தான் அந்த வருகை செல்லும். வேறு எந்த வழியில் அனுப்பினாலும் தலைமையகம் எடுத்துக்கொள்ளாது. தொடர்ந்து மூன்று நாள் வருகை பதிவாகாவிட்டால், மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவன் ‘தானாக விலகியவர்’ ஆகிவிடுவான். யாரும் நீக்க மாட்டார்கள். அவ்வளவு கொடுமையான அலுவலகம் அல்ல அது.

திங்கட்கிழமை காலை இசக்கிமுத்து கணினியைப் போட்டான். லினக்ஸ் இயங்குதளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தானாக ஏதோ புதுப்பித்துக்கொண்டதாகப் பெருமையாக ஒரு வரி சொன்னது. மூலையில் வழக்கமாக இருக்கும் விசிறி போன்ற வைஃபை அடையாளம் இல்லை. அமைப்புகளைத் திறந்தான். ‘வைஃபை அடாப்டர் எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. அணைத்துப் போட்டான். கிடைக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போட்டான். அப்போதும் கிடைக்கவில்லை.

எழுந்து மண்டல சூப்பிரண்டு கமலாக்ஷியிடம் போனான்.

“மேடம், கம்ப்யூட்டர்ல வைஃபை கார்டு இல்லேன்னு காட்டுது.”

“இல்லையா? நீ எடுத்தியோ?”

“ஐயோ, இல்ல மேடம். உள்ளதான் இருக்கு. கம்ப்யூட்டருக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

“தன் வயித்துக்குள்ள இருக்கறது அதுக்கே தெரியலேன்னா, எனக்கு எங்ஙனெ தெரியும்? ஒரு பராதி கொடு.”

“புகாரா? எங்க கொடுக்கணும் மேடம்?”

“ஆன்லைன்ல.”

“ஆன்லைன்தான் மேடம் இல்ல.”

“அதையும் பராதில எழுது.”

இசக்கிமுத்து சட்டைப்பையிலிருந்த ஃபோனைத் தொட்டுக் காட்டினான். “இதுல இருந்து கொடுக்கட்டா மேடம்?”

கமலாக்ஷி கண்ணாடியைக் கழற்றினார். “சொந்த ஃபோன்லயா? எடோ, ஒரு கம்ப்யூட்டரைப் பத்தின பராதி அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வரணும். அதுதான் சட்டம். இல்லேன்னா வேலை செய்யற கம்ப்யூட்டர் மேலயும் ஆளுங்க பராதி கொடுக்கத் தொடங்கிடும், கேட்டோ?”

“ஆனா மேடம், நான் இங்கதானே இருக்கேன்? நீங்களே பாக்கறீங்க.”

“பாக்கறேன்,” என்றார் கமலாக்ஷி அன்போடு. “அது என்னோட சொந்த அபிப்ராயம். சிஸ்டம் பாக்கணும் மோனே.”

அன்று மாலை ஐந்து மணிக்கு இசக்கிமுத்து, வராத ஊழியனாக வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் சாயாக்கடையில் ஒரு சாயா சொன்னான். வர நேரமானது. பக்கத்தில் நின்றவருக்கு முதலில் வந்தது. இங்கேயும் நம்மைத் தெரியவில்லையோ என்று அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. சாயா வந்ததும் கடைக்காரரின் கையைப் பிடித்துக் கும்பிடப் போனான்.

“ஏங்க,” என்றாள் வீட்டில் அவன் மனைவி பாக்கியலக்ஷ்மி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. “நீங்க ஆபீசுக்கே போகலன்னு அர்த்தமா? அப்ப காலைல நான் சட்டை தேய்ச்சுக் குடுத்தது எந்த ஆம்பளைக்கு?”

அவன் சிரிக்கவில்லை. முகம் கழுவும்போது கண்ணாடியில் தான் தெரிகிறோமா என்று மட்டும் பார்த்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் தொழில்நுட்ப அலுவலர் சுதீர் எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்தார். அவருடைய மடிக்கணினியின் முதுகு முழுக்க லினக்ஸின் சின்னமான பென்குயின் படங்கள். வந்தவர் இசக்கிமுத்துவின் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து, கறுப்புத் திரையைத் திறந்து, ஏதோ தட்டினார். வரிகள் மழைபோல் இறங்கின. இசக்கிமுத்து, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறவன்போல் நின்றான்.

“கார்டு இவிடெ உண்டு,” என்றார் சுதீர்.

“இருக்கா சேட்டா!”

“உண்டு. சிஸ்டம் அதைக் காணுது. என்ன சாதனம்னு அதுக்குப் புரியல. ஃபெர்ம்வேர்னு ஒரு சின்ன ஃபைல். அப்டேட்ல அது போச்சு. திருப்பி அதை ஏத்தினா கார்டு முழிச்சுக்கும்.”

“ஏத்துங்க சேட்டா.”

சுதீர் நாற்காலியைத் திருப்பினார். இந்தக் கேள்விக்காகவே படகேறி வந்தவர்போல் இருந்தது முகம்.

“இசக்கி, அந்த ஃபைலுக்குள்ள என்ன உண்டுன்னு கம்பெனிக்காரன் காட்ட மாட்டான். ரகசியம். நம்ம இயக்கம், உள்ள இருக்கறதை எல்லாருக்கும் திறந்து காட்டற சுதந்திர மென்பொருள் மேல சத்தியம் செஞ்சு தொடங்கினது. குத்துவிளக்கு கொளுத்தி, கையை நீட்டி, நானும் சத்தியம் செஞ்சிருக்கேன். உன் ஒருத்தன் வேலைக்காக லோகத்தோட சுதந்திரத்தை விக்கணும்னு சொல்றியா?”

“இல்ல சேட்டா.” லோகத்தின் சுதந்திரம் தன் மேசையில் இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

“குட். கமிட்டி இருக்கு. அடுத்த மாசம் கூடும். ரகசிய ஃபைலை அனுமதிக்கலாமான்னு விவாதிக்கும். நானே உனக்கு அனுகூலமா பேசறேன். பேசிட்டு எதிரா வோட் செய்வேன். அது கொள்கை.”

“எனக்கு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆகணும் சேட்டா.”

“சுதந்திரத்துக்கு நேரம் குறிக்கறது அடக்குமுறை.”

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவனும் காட்டாத, விற்றவனும் காட்டாத வகை ஃபோன். பேசிக்கொண்டே படகுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை இசக்கிமுத்து வந்து பார்த்தபோது அவன் மேசையைச் சுற்றிக் கூட்டம். ஒரு கணம் கார்டு வந்துவிட்டது என்று நினைத்தான். ஊழியர் சங்கச் செயலாளர் ரமேஷ்பாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் தோளை அணைத்தார். ரமேஷ்பாபு மூத்த குமாஸ்தா. அலுவலகத்தில் மைக் இல்லாமலே மைக் போல் பேசக்கூடிய ஒரே ஆள்.

“இசக்கி, நீ தனியல்ல. சங்கம் உன்கூட உண்டு. நீ போகறது வரைக்கும் உண்டு. போன பின்னேயும் உண்டு.”

“நான் போகாம இருக்கறதுக்கு ஏதாவது, சாரே...”

“அது மேனேஜ்மென்ட் விஷயம். அதுல சங்கம் தலையிடறது மரியாதையல்ல.” ரமேஷ்பாபு குரலைத் தாழ்த்தினார். “நாங்க உனக்கு ஒரு யாத்ரயயப்பு தர்றதுன்னு தீர்மானிச்சிருக்கோம்.”

யாத்ரயயப்பு என்றால் வழியனுப்பு விழா. இந்த அலுவலகத்தில் வேலை நடக்காமல் ஒரு வருஷம் போகலாம். யாத்ரயயப்பு இல்லாமல் ஒரு ஆள் போக முடியாது. மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு, உரைகள், கடைசியில் நன்றியுரை. நன்றியுரை முடிந்தால்தான் கூட்டம் முடிந்தது. கூட்டம் முடிந்தால்தான் நடவடிக்கைக் குறிப்பு. அந்தக் குறிப்பு போனால்தான் ஆளை விடுவிக்க முடியும்.

“ஆனா மேடம், இன்னும் அஞ்சு மணி ஆகலையே,” என்று இசக்கிமுத்து கமலாக்ஷியிடம் ஓடினான்.

“அதனாலதான் நாலு மணிக்கு வெச்சிருக்கோம். அஞ்சு மணிக்கு மேல நீ வெளி ஆள். வெளி ஆளுக்கு சாயா கொடுக்க இங்க விதியில்லை. பழம்பொரியும் சொல்லியாச்சு. நீ வராம இருந்துடாதே, கேட்டோ? நாணக்கேடாகும்.”

நாலு மணிக்கு அவனை மேடையில் ஏற்றி நடுவில் உட்காரவைத்தார்கள். பின்னால் பேனர். அவன் பெயர் தனித் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் அந்தத் தாளின் ஓரம் தூக்கியபோது அடியில் இன்னொரு பெயர் தெரிந்தது. அதன் அடியிலும் ஒரு தாள் இருந்தது. இசக்கிமுத்து திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். கமலாக்ஷி பொன்னாடை போர்த்தினார். நினைவுப்பரிசாக ஒரு சின்ன மரப்படகு கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான், விழாவுக்காக மறுபடி படகேறி வந்திருந்த சுதீர் எழுந்தார்.

“லைவ் போட்டாச்சோ?” என்று கேட்டார் கமலாக்ஷி.

“இப்போ போடறேன் மேடம்.”

இயக்கத்தின் விழாக்கள் எல்லாமே மக்களுக்கு நேரலையில் காட்டப்பட வேண்டும் என்பது தலைமையகத்தின் ஆணை. அலுவலகத்துக்கென்று கேமரா இருப்பது இசக்கிமுத்துவின் கணினியில் மட்டும். அதைச் சுதீர் மேடைப் பக்கம் திருப்பிவைத்தார். தன் ஃபோனை ஒயரால் கணினியில் மாட்டினார். ஏதோ இறக்கினார், எங்கோ போட்டார், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டார். கையிலிருந்த பழம்பொரியை அவர் தின்று முடிப்பதற்குள் திரையின் மூலையில் விசிறி விரிந்தது.

இசக்கிமுத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். “சேட்டா! கார்டு!”

“விழா இல்லையா,” என்றார் சுதீர், சாதாரணமாக. “விழாவுக்கு ரகசிய ஃபைல் உபயோகிக்கலாம்னு தனி ஆணை உண்டு. யோகம், அதாவது இந்தக் கூட்டம், முடியறது வரைக்கும்.”

“ஒரு நிமிஷம், விரல் மட்டும் வெச்சுக்கறேன்.”

“தொடாதே. உன் ஹாஜர் ஸ்க்ரீன் கேமராவைப் பிடிச்சுக்கும், லைவ் கட்டாகும். யோகம் முடியட்டும்.”

“எப்போ முடியும்?”

“நன்றி சொன்னா முடியும்.”

“அதுக்கப்புறம் வெச்சுக்கட்டா?”

“அதுக்கப்புறம் ஃபைலை அழிச்சுடணுமே. ஆணை.”

கமலாக்ஷி மைக்கைப் பிடித்தார். இசக்கிமுத்துவின் கண், கூடத்தின் சுவர்க் கடிகாரத்தில் ஒட்டிக்கொண்டது.

“இசக்கிமுத்துவைப் பற்றி நான் என்ன சொல்வது? இந்த மூன்று நாளும் எனக்கு முன்னால் வந்துவிட்டான். ஆப்சென்ட் ஆன நாட்களிலும் நேரத்துக்கு வந்த ஒரே ஊழியன் இவன்தான். இவனைப் போலொரு ஆள் எப்போதும் இங்கே இருக்க வேண்டும் என்று நான் பலமுறை விரும்பியிருக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஏனென்றால் நான் வெறும் மேலதிகாரி.”

கைதட்டல். அடுத்து சுதீர். தொழில்நுட்பம் ஒருபோதும் தோற்பதில்லை, மனிதர்களுக்குத்தான் காத்திருக்கத் தெரிவதில்லை என்றார். லினக்ஸ் உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் தீர்வு உண்டு, அதைக் கண்டுபிடிக்கும்போது பிரச்சினைக்குரியவர் அங்கே இருப்பதில்லை என்பது மட்டுமே ஒரு சிறு குறை என்றார். இதற்கும் கைதட்டல். யாரோ இசக்கிமுத்துவின் கையில் சாயாவைத் திணித்தார்கள். அவன் அதை மரப்படகுக்குள் வைத்தான்.

பிறகு ரமேஷ்பாபு எழுந்தார். நன்றியுரை.

கடிகாரத்தின் பெரிய முள் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. சாதாரணமாக ரமேஷ்பாபுவின் நன்றியுரை எப்போது முடியும் என்றுதான் எல்லோரும் தவிப்பார்கள். இப்போது அது முடிந்தாலும் போச்சு, முடியாவிட்டாலும் போச்சு. முடிந்தால் ஃபைல் போகும். முடியாவிட்டால் மணி ஐந்தாகும்.

“மைக் செட் தந்த சகோதரருக்கு நன்றி. மைக்குக்கு மின்சாரம் தந்த வாரியத்துக்கு நன்றி. விளக்கில் எண்ணெய் ஊற்றியவருக்கும், எண்ணெயைப் பொறுத்துக்கொண்ட விளக்குக்கும் நன்றி. வந்தவர்களுக்கு நன்றி. வர முடியாமல் போன மழைக்கு நன்றி...”

மேடையிலிருந்து மேசை, கூப்பிடு தூரம்கூட இல்லை. எழுந்து போனால் அவமரியாதை. இசக்கிமுத்துவின் வம்சத்தில் யாரும் அதிகாரி பேசும்போது எழுந்ததில்லை, உட்கார்ந்ததும் இல்லை. பொன்னாடைக்குள் வேர்வை வழிந்தது. திரையின் மூலையில் அந்த விசிறி, இவனைப் பார்த்து விரித்த விரல்போல் எரிந்துகொண்டிருந்தது. பாக்கியலக்ஷ்மியிடம் என்ன சொல்வது? கார்டு வந்தது, அதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றா?

“கடைசியாக...” என்றார் ரமேஷ்பாபு.

இசக்கிமுத்து பாய்ந்தான். பொன்னாடை குத்துவிளக்கை உரசி, ஒரு முனை கருகியது. சாயா சுதீரின் மேல் போனது. யாரோ “எடா, எடா!” என்றார்கள். விரலை வைத்தான். ‘விரல் தெளிவாக இல்லை, மீண்டும் முயலவும்’ என்றது. வேர்வை. பொன்னாடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். கேமரா மேடையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பிடித்தது. திரையில் அவன் கண்டது, அடையாளம் காண முடியாத அளவுக்குப் பயந்துபோன ஒரு முகம். ஆனால் சிஸ்டத்துக்கு அடையாளம் தெரிந்தது.

‘இசக்கிமுத்து, வருகை பதிவாகியது. இனிய காலை வணக்கம்.’

பெரிய முள் பன்னிரண்டில் ஏறி உட்கார்ந்தது.

நேரலை அறுந்திருந்தது. ரமேஷ்பாபு வாயைத் திறந்தபடியே நின்றார். அவருடைய நன்றியுரை இதற்கு முன் ஒருமுறையும் நடுவில் அறுந்ததில்லை. அவர் மெதுவாக மைக்கைக் கீழே வைத்தார்.

சுதீர் சட்டையை உதறிக்கொண்டு கணினியிடம் வந்தார். “ஃபைலை அழிக்கட்டே மேடம்?”

கமலாக்ஷி கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். “யோகம் முடிஞ்சதோ?”

“நன்றி சொல்லத் தொடங்கினாரே.”

“தொடங்கினார். முடிக்கல. நன்றி முடியாம யோகம் முடியாது. யோகம் முடியாம அந்த ஃபைலை நீ எப்படி அழிப்பே? ஆணை இல்லையா?” அவர் இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார். “யோகம் முடியாம நடவடிக்கைக் குறிப்பும் எழுத முடியாது. உன்னை விடுவிக்கவும் முடியாது. சிஸ்டம் வேற உன்னை ஹாஜர்னு சொல்லுது.”

“அப்போ நான் யாரு மேடம்?”

“நீ,” என்றார் கமலாக்ஷி, “யாத்ரயயப்பு நடந்துகிட்டிருக்கற ஊழியன்.”

எல்லோரும் ரமேஷ்பாபுவைப் பார்த்தார்கள். தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். இன்னொருவரின் நன்றியை எடுத்துச் சொல்ல இந்த அலுவலகத்தில் மரபில்லை. ரமேஷ்பாபு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“என் உரையை அறுத்தாச்சு. இனி எனக்குத் தோணும்போதுதான் சொல்வேன்,” என்றார். பிறகு ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் இசக்கிமுத்துவைப் பார்த்தார். “ஒரு வரிதான் பாக்கி.”

அன்றிலிருந்து அந்த விழா நடந்துகொண்டிருக்கிறது. பேனர் இறக்கப்படவில்லை, ‘பயம் வேண்டாம்’ அதன் பின்னால் மறைந்துவிட்டது. குத்துவிளக்கு கூடத்தில் நிற்கிறது. முனை கருகிய பொன்னாடை இசக்கிமுத்துவின் நாற்காலி முதுகில் கிடக்கிறது. காலையில் விரலை வைக்கிறான். விசிறி எரிகிறது. சம்பளம் வருகிறது. பாக்கியலக்ஷ்மி சட்டை தேய்த்துத் தருகிறாள்.

போன வாரம் ஒச்சம்மாள் என்கிற மூதாட்டி, பென்ஷன் மனு ஏறிவிட்டதென்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, “ரொம்ப நன்...” என்று ஆரம்பித்தார். இசக்கிமுத்து மேசையைத் தாண்டி வந்துவிட்டான். “வேண்டாம்மா, வேண்டாம்! இங்க அதைச் சொல்லக் கூடாது. சும்மா போங்க!” பாட்டி பயந்து படியிறங்கிப் போனார்.

ரமேஷ்பாபுவுக்கு இப்போதெல்லாம் காலையில் ஒரு சாயா, பதினொரு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று. மூன்றையும் இசக்கிமுத்துதான் வாங்கி வருகிறான். நேற்று மத்தியானம் ரமேஷ்பாபு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பஞ்சாரை கொஞ்சம் குறைவு, இல்லையோ இசக்கி?”

“சர்க்கரை சேர்த்து மாத்திக் கொண்டுவரேன் சாரே.”

“வேண்டாம், வேண்டாம். தொழிலாளியைச் சிரமப்படுத்தறது எனக்கு இஷ்டமில்ல.” ரமேஷ்பாபு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தொண்டையைச் செருமினார்.

“கடைசியாக...”

இசக்கிமுத்து அதற்குள் இன்னொரு சாயா வாங்கப் பாதிப் படி இறங்கியிருந்தான்.